தண்ணீர் தங்காத மேட்டில் ஓர் ஊர்

லா குவெர்த்துவாராத் ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்னாலேயே அந்தக் குளம் கண்ணில் பட்டுவிட்டது. குளம் என்று சொன்னாலும் கரை இல்லை, படித்துறை இல்லை. ஒரு பெரிய தாம்பாளத்தைத் தரையில் பதித்து வைத்த மாதிரி இருந்தது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லச் சரிந்து இறங்கும் கல் தளம். கற்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பதிந்திருந்தன. நடுவில் முழங்கால் ஆழத்துக்குக் கொஞ்சம் மழைத் தண்ணீர், அதில் ஒரு துண்டு வானம்.

இதற்கு அந்தப் பக்கத்தில் 'லவோஞ்' என்று பெயர். சிவகங்கைப் பக்கம் பிறந்தவன் நான். பார்த்ததும் வாயில் வந்த சொல் ஊருணி. ஆனால் எங்கள் ஊருணி மனிதர் குடிக்க. லவோஞ் ஆடுகளுக்காகவே வெட்டியது. அந்தச் சரிவுக்குக் காரணம் இருக்கிறது. மந்தை முழுவதும் சுற்றி நின்று, முண்டியடிக்காமல், வழுக்கி விழாமல் குடிக்க வேண்டும். தண்ணீர் வற்ற வற்ற ஆடுகள் இன்னும் நாலடி உள்ளே இறங்கிப் போகலாம். கல்லுக்கு அடியில் களிமண் திமிசு போட்டிருக்கிறது. தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது அந்தக் களிமண்தான். ஆட்டுக் குளம்புகள் மிதித்து அதை உடைத்துவிடாமல் காப்பதற்குத்தான் மேலே கல்.

தென் பிரான்சின் மோன்பெலியேவில் குடியேறிப் பதினோரு வருடம் ஆகிறது. வார இறுதியில் கடற்கரைக்குப் போவோம்; மலைப் பக்கம் போனதே இல்லை. போன அக்டோபரில்தான் முதல் முறையாக வடக்கே காரைத் திருப்பினேன். லொதேவ் ஊரைத் தாண்டியதும் சாலை ஒரு பள்ளத்தாக்குக்குள் நுழைந்து, செங்குத்தான பாறைச் சுவரை ஒட்டி ஏறத் தொடங்குகிறது. அந்த இடத்துக்கு 'பா த லெஸ்கலெத்' என்று பெயர், ஏணிக் கணவாய் என்று சொல்லலாம். சாலை வருவதற்கு முன்னால் மக்கள் உண்மையிலேயே ஏணி வைத்து ஏறிய இடம். மேலே போய்ச் சேர்ந்ததும் திராட்சைத் தோட்டமும் இல்லை, ஒலிவ மரமும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெளுத்த புல், அங்கங்கே தலை நீட்டும் சாம்பல் நிறப் பாறை, குட்டையான ஓக் மரங்கள், காற்று. அதுதான் லார்ஸாக். கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டர் அளவில் பரந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் மேடு.

பார்த்தவுடன் வானம் பார்த்த பூமி என்றுதான் நினைத்தேன். அது தவறு. இங்கே மழைக்குப் பஞ்சம் இல்லை. பெய்கிற மழை நிற்பதில்லை, அவ்வளவுதான். சுண்ணாம்புக்கல் முழுக்க வெடிப்பும் துளையும். பெய்தது பெய்தபடியே உள்ளே இறங்கிவிடுகிறது. மேட்டின் மேல் ஓர் ஆறு கிடையாது, ஓடை கிடையாது. அதே தண்ணீர் சில நூறு மீட்டர் கீழே, மேட்டின் அடிவாரத்தில், 'நான்' (Nant) என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் துர்ஸோன் ஊற்றாகப் பச்சையும் நீலமுமாகப் பொங்குகிறது. மேலே குடியிருப்பவனுக்கு அதனால் என்ன பயன்? அவன் கூரையில் விழுகிற மழையைத்தான் நம்ப வேண்டும்.

லா குவெர்த்துவாராதின் வீடுகளை அப்படிப் பார்த்தால்தான் புரியும். கல் சுவர், கல் வளைவு, பல வீடுகளில் கூரையும் கல் பலகைதான். இந்த மேட்டில் நல்ல மரம் அரிது என்பதால் உத்தரம் போடாமல் வளைவுக் கட்டுமானத்திலேயே மேல்தளத்தைத் தாங்கியிருக்கிறார்கள். கீழ்த்தளம் ஆடுகளுக்கு. மனிதர்கள் வெளிப்புறக் கல் படிக்கட்டில் ஏறி மேலே போவார்கள். குளிர்காலத்தில் கீழே அடைந்திருக்கும் ஆடுகளின் உடல் வெப்பம் மேலே ஏறி வீட்டைக் கதகதப்பாக்கும். கூரைத் தண்ணீர் கல் வாய்க்கால் வழியாக நிலத்தடித் தொட்டிக்குப் போகும். தொட்டி வற்றினால் அந்த வருடம் மலை இறங்கித் தண்ணீர் கொண்டுவர வேண்டியதுதான்.

ஊரைச் சுற்றி மதில், மூலைகளில் வட்டக் கோபுரங்கள். சுற்றுலாப் பிரசுரங்களில் எல்லாம் 'டெம்ப்ளர் கிராமம்' என்று போட்டிருப்பார்கள். அது பாதி உண்மை. சிலுவைப் போர்க் காலத்தின் டெம்ப்ளர் துறவி வீரர்கள் 12ஆம் நூற்றாண்டில் இந்த மேட்டில் நிலம் பெற்று, ஆடும் குதிரையும் வளர்த்து, கீழை நாட்டில் போரிட்டுக்கொண்டிருந்த தங்கள் சங்கத்துக்குப் பணமும் பொருளும் அனுப்பினார்கள். பாறை மேல் நிற்கும் கோட்டை அவர்களுடையது. 1312-இல் போப்பாண்டவர் அந்தச் சங்கத்தைக் கலைத்ததும் சொத்தெல்லாம் ஹாஸ்பிட்டலர் என்ற இன்னொரு துறவிச் சங்கத்துக்குப் போய்விட்டது. படத்தில் எல்லாரும் எடுக்கும் அந்த மதில், ஹாஸ்பிட்டலர்கள் 1439-இல் தொடங்கிக் கட்டியது. நூறாண்டுப் போரின் கடைசிக் காலம். சம்பளம் கிடைக்காத கூலிப்படைகள் ஊர் ஊராகக் கொள்ளையடித்துத் திரிந்தன. மதில் எழுந்தது அந்தப் பயத்தில்தான்.

மதிலுக்குள் நடந்து முடிக்க அரை மணி நேரம் போதும். ஆனால் நான் மூன்று மணி நேரம் இருந்தேன். கோட்டையை ஒட்டிய தேவாலயத்தின் சிறு கல்லறைத் தோட்டத்தில் வட்டத் தலை வைத்த நடுகற்கள் இருக்கின்றன. வட்டத்துக்குள் ஒரு சிலுவை, அவ்வளவுதான் வேலைப்பாடு. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. மழை பிசுபிசுத்தது. கோடையில் இந்தச் சந்துகளில் கூட்டம் நெரியுமாம். அன்றைக்கு என் காலடிச் சத்தமும் ஒரு பூனையும் தவிர யாரும் இல்லை. கம்யூன் என்கிற ஊராட்சி முழுவதற்கும் சேர்த்தே சுமார் 200 பேர்தான். மதிலுக்குள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் வெகு சிலர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஊர் ஏறக்குறைய காலியாகிவிட்டது. கூரைகள் இடிந்து விழுந்த பிறகு நெசவாளர்களும் குயவர்களும் வந்து ஒவ்வொரு வீடாக எடுத்துக் கட்டியதால்தான் இன்று பார்க்க ஓர் ஊர் இருக்கிறது.

அன்று இரவு ஒரு பண்ணை வீட்டில் தங்கினேன். வாசல் கதவில் ஒரு பெரிய முட்பூ ஆணியடித்து மாட்டியிருந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம். நடுவில் காய்ந்த பொன்னிற வட்டம், சுற்றிலும் கத்தி போன்ற இலைகள். சூரியனை வரையச் சொன்னால் குழந்தைகள் வரைவார்களே, அப்படி. அதன் பெயர் கார்தபெல். தண்டே இல்லாமல் தரையோடு தரையாகப் பூக்கும் முட்செடி. நான் போனபோது அதன் உள் இதழ்கள் எழுந்து நடுவை மூடியிருந்தன.

"மழை இன்னும் விடாது. காலையில் அது விரிந்தால் நீங்கள் நடக்கப் போகலாம்" என்றார் வீட்டுக்கார அம்மா. எழுபதை நெருங்கும் வயது. கையில் மாவு ஒட்டியிருந்தது.

பறித்துக் காய்ந்த பிறகும் இந்தப் பூவுக்கு அந்தக் குணம் போகாது. காற்றில் ஈரம் ஏறினால் மூடும், வறண்டால் விரியும். இடையர்களுக்கு அதுதான் வானிலை அறிக்கை. ஒரு காலத்தில் அதன் நடுப்பகுதியை வேகவைத்துச் சாப்பிடவும் செய்திருக்கிறார்கள். சுற்றுலா வந்தவர்கள் ஆளுக்கொன்று பிடுங்கிப் போனதில் அருகிப்போய், இப்போது பறிக்கக் கட்டுப்பாடு உண்டு. அந்த அம்மாவின் வாசலில் இருந்தது அவருடைய தாயார் காலத்துப் பூ. மறுநாள் காலை ஏழரை மணிக்கு நான் எழுந்து வந்து பார்த்தபோது இதழ்கள் பாதி விரிந்திருந்தன. எட்டரைக்கு முழுவதும் விரிந்துவிட்டது. நடக்கப் போனேன்.

நடந்தது ஆடுகளைப் பார்க்கத்தான். லக்கோன் என்ற செம்மறி இனம். நீண்ட முகம், கம்பளி முதுகில் மட்டும். தலையும் காலும் வழவழவென்று இருக்கும். எங்கள் பக்கத்துக் கீதாரிகளுக்குச் செம்மறி என்றால் கறி, குட்டி, வயலில் கிடை போட்டால் கிடைக்கும் உரம். செம்மறியைக் கறந்து பாலை விற்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. இங்கே எல்லாமே பால்தான். இந்தப் பால் போகிற இடம், வடமேற்கே முக்கால் மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் ரோக்ஃபோர்-சுர்-சூல்ஸோன். நீலப் புள்ளி ஓடிய ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியின் ஊர்.

அந்த ஊருக்கு மேலே கொம்பாலு என்று ஒரு குன்று. எப்போதோ அதன் ஒரு பக்கம் சரிந்து விழுந்து, பாறைக் குவியலுக்குள் குகைகளும் நீண்ட வெடிப்புகளும் உண்டாயின. அந்த வெடிப்புகளுக்கு 'ஃப்ளூரின்' என்று பெயர். அவற்றின் வழியாகக் குளிர்ந்த ஈரக் காற்று வருடம் முழுவதும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். நான் சுவரில் ஒரு வெடிப்பில் கை வைத்துப் பார்த்தேன், யாரோ உள்ளிருந்து மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. காய்ச்சாத பாலில் செய்த பாலாடைக்கட்டியில் ஒரு பூஞ்சணத்தைச் சேர்த்து, ஊசியால் குத்திக் காற்று போக வழி செய்து, இங்கே ஓக் பலகைகளில் அடுக்குகிறார்கள். அந்தப் பூஞ்சணத்தைக் கருமையான ரை ரொட்டியில்தான் முன்பு வளர்த்தார்கள். ஒரு கிலோவுக்குச் சுமார் நாலரை லிட்டர் பால் வேண்டும். குகையில் குறைந்தது 14 நாள், எல்லாம் சேர்த்துக் குறைந்தது 90 நாள் ஆகாமல் விற்கக் கூடாது. 1411-இல் ஆறாம் சார்ல்ஸ் மன்னர் இந்த ஊராருக்கு மட்டும் ரோக்ஃபோரைக் குகையில் பதப்படுத்தும் உரிமையை எழுதிக் கொடுத்தார். 1925-இல் பிரான்சில் ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு பெற்ற முதல் பாலாடைக்கட்டி இதுதான். மேட்டின் புல், அதைத் தின்னும் ஆடு, அடியில் மூச்சுவிடும் பாறை: இவற்றில் எது போனாலும் அந்தக் கட்டி இல்லை.

மியோ நகரத்துப் பெரிய பாலத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். 2004-இல் திறந்தது, 343 மீட்டர் உயரம், பார்க்க அழகுதான். நான் அதை விட்டுவிட்டு, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

இரவுச் சாப்பாட்டின்போது அந்த அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த காலத்தில் கல் சுமந்ததைச் சொன்னார். "எங்கள் ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசையை விடமாட்டார்கள். போலீஸ்காரரைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார்கள். அவர்களைப் போய்ச் சட்டத்தை மீறுகிறவர்களாக்கிவிட்டார்கள்" என்றார்.

லார்ஸாக்கில் 1902 முதலே ஒரு ராணுவ முகாம் உண்டு, சுமார் 3,000 ஹெக்டேர். 1971 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் தெப்ரே அதை 17,000 ஹெக்டேராக விரிக்கப் போவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். அரசின் கண்ணுக்கு இது ஆளில்லாத கல் மேடு. நூற்றுச் சொச்சம் விவசாயக் குடும்பங்கள் அங்கே ஆடு வளர்த்துக்கொண்டிருந்தன. யாரையும் கேட்கவில்லை.

விவசாயிகளுக்கு முதலில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. அப்போது மேட்டின் தெற்கு ஓரத்திலிருந்து ஒரு தாடிக்காரர் வந்தார். லான்ஸா தெல் வஸ்தோ, இத்தாலியில் பிறந்தவர். 1937 வாக்கில் வார்தாவுக்குப் போய்க் காந்தியோடு தங்கியவர். சாந்திதாஸ் என்று காந்தி பெயர் வைத்தார். திரும்பி வந்து பிரான்சில் ஆசிரமம் போன்ற ஒரு சமூகத்தை அமைத்து, ராட்டை சுற்றி, நிலத்தை உழுது வாழ்ந்துகொண்டிருந்தார். 1972 மார்ச்சில் அவர் லா கவலரி ஊரில் பதினைந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். விவசாயிகள் முறை வைத்து வந்து கூடவே பட்டினி கிடந்தார்கள், கத்தோலிக்க ஆயர்களும் வந்தார்கள். அது முடிகிற தறுவாயில், மார்ச் 28 அன்று, பாதிக்கப்பட்ட விவசாயிகளில் 103 பேர் ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள்: எங்கள் நிலத்தை ராணுவத்துக்கு விற்க மாட்டோம்.

கையெழுத்துப் போடுவது எளிது. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அதே வருடம் அக்டோபரில் அறுபது ஆடுகளைப் பாரிசுக்குக் கொண்டுபோய் ஐஃபில் கோபுரத்தடியில் மேய விட்டார்கள். 1973 ஜனவரியில் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு தலைநகருக்குக் கிளம்பி, ஓர்லேயானில் தடுக்கப்பட்டார்கள். மீதியைக் கால்நடையாகவே போனார்கள். அந்த ஆகஸ்டில் மேட்டின் பாறை அரங்கு ஒன்றில் பல பத்தாயிரம் பேர் கூடினார்கள். நகரத்து மாணவர்கள், தொழிற்சங்கத்தார், நீண்ட முடி வைத்த இளைஞர்கள் எல்லாரும் வந்தார்கள். பூசைக்குப் போகும் இந்த ஆட்டுக்காரர்கள் அவர்களுக்குக் களத்தைத் திறந்துவிட்டார்கள், ஆனால் முடிவுகளைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். இந்தப் பகுதியின் ஒக்சித்தான் மொழியில் அவர்கள் முழக்கம்: 'கர்தாரெம் லோ லார்ஸாக்', லார்ஸாக்கைக் காப்போம். பள்ளிக்கூடத்தில் பேசினால் தண்டனை கொடுத்துத் துரத்திய மொழி அது. சுவர்களில் இன்றும் படிக்கலாம்.

அந்த அம்மா கல் சுமந்தது லா பிளாக்கியேர் என்ற குக்கிராமத்தில். விரிவாக்க எல்லைக்குள் புதிதாக எதையும் கட்டக் கூடாது என்பது உத்தரவு. அங்கேதான், 1973 ஜூனில், அனுமதி இல்லாமல் ஒரு பெரிய கல் ஆட்டுத் தொழுவத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். வரி கட்டும்போது மூன்று சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு, ராணுவத்துக்குப் போகிற பணம் தொழுவத்துக்குப் போகட்டும் என்று நாடெங்கும் இருந்து அனுப்பினார்கள். வேலைக்கு வந்தவர்கள் முக்கால்வாசிப் பேருக்குக் கொத்து வேலை தெரியாது. வந்து கற்றுக்கொண்டார்கள். 1975 மார்ச்சில் ஒரு நள்ளிரவில், அதே குக்கிராமத்தில் ஏழு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் குண்டு வெடித்தது. வீடு சிதைந்தது, யாரும் சாகவில்லை. பதிலுக்கு யாரும் யாரையும் அடிக்கவும் இல்லை. அதைச் சொல்லும்போது அந்த அம்மா ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

1978-இல் பாரிஸ் வரை 710 கிலோமீட்டர் நடந்தார்கள். அதற்கும் அரசு அசையவில்லை. நிலம் கையகப்படுத்தும் நோட்டீஸ்கள் வந்தபடியே இருந்தன. 1981 மே மாதம் பிரான்சுவா மித்தரான் குடியரசுத் தலைவரானார். ஜூன் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. லான்ஸா தெல் வஸ்தோ அதைப் பார்க்கவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால், ஜனவரியில், இறந்துவிட்டார்.

இவ்வளவும் நடந்த பிறகு பெரும்பாலான இடங்களில் கதை முடிந்துவிடும். ஒரு நினைவுத்தூண் வைப்பார்கள். இங்கே அதற்கப்புறம் செய்ததுதான் என்னை இந்த மேட்டின் மேல் மரியாதை கொள்ள வைத்தது. விரிவாக்கத்துக்காக ராணுவம் அதற்குள் வாங்கி வைத்திருந்த நிலம் சுமார் 6,300 ஹெக்டேர். அதை ஏலம் விட்டிருந்தால் பணக்காரர்களின் வேட்டைத் தோட்டமாகவும் விடுமுறை வீடுகளாகவும் போயிருக்கும். விவசாயிகள் ஒரு பொதுச் சங்கம் அமைத்து, 1985-இல் அரசிடம் 60 வருடக் குத்தகைக்கு மொத்தமாக எடுத்தார்கள். 2013-இல் அந்தக் குத்தகை 2083 வரை நீட்டப்பட்டது. விதி எளிது. உழைக்கும் காலம் வரை நிலமும் வீடும் உன்னுடையது. ஓய்வு பெற்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. அடுத்து யாருக்கு என்பதைச் சங்கம் முடிவு செய்யும். கையில் காசில்லாத இளம் தம்பதி இங்கே வந்து ஆடு வளர்க்க முடிகிறது. பிரான்சின் எத்தனையோ மேட்டுக் கிராமங்கள் பள்ளிக்கூடம் மூடி, கிழவர்கள் மட்டும் மிஞ்சி அடங்கிக்கொண்டிருக்கும்போது, இந்தச் சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் சத்தமும் பள்ளிக்கூட வேனும் இருப்பதற்கு அது ஒரு முக்கியமான காரணம் என்றே நான் நம்புகிறேன்.

முகாம் இன்னும் இருக்கிறது, பழைய 3,000 ஹெக்டேரில். இப்போது பிரெஞ்சு ராணுவத்தின் 'வெளிநாட்டுப் படையணி'யின் ஒரு பிரிவு அங்கே. காலையில் நான் நடந்தபோது தூரத்தில் துப்பாக்கிப் பயிற்சிச் சத்தம் கேட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் ஆடுகள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். மதிலுக்குள் படம் எடுத்துவிட்டு உடனே காருக்குத் திரும்பாமல், லவோஞ் ஓரத்தில் கால் மணி நேரமாவது உட்காருங்கள். வழியில் கார்தபெல்லைக் கண்டால் குனிந்து பாருங்கள், பறிக்காதீர்கள். நேரம் இருந்தால் லா பிளாக்கியேருக்கும் போய்வாருங்கள். அங்கே எழுப்பிய அந்தக் கல் தொழுவத்தில் இன்றும் ஆடுகள்தான் இருக்கின்றன. கறக்கிற நேரமாக இருந்தால் வெளியே நின்று கொள்ளுங்கள். அந்நியர்களைக் கண்டால் ஆடுகள் மிரளும்.